ஒன்பது என்று நான் குறித்தவை

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். நான் எழுதி மற்றவர்கள் படிக்க வேண்டும் என்று நினைப்பதே அதிகப்படி என்று தெரியும், பொறுத்துக்கொள்ள வேண்டும். கே.கே. நகரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஐந்து பேர், போன மாதம் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். போனேன். உட்கார்ந்தேன். கொடுத்த டீயைக் குடித்தேன். பேச்சு வரவில்லை. "அப்ப எழுதியாச்சும் குடுங்க சார்" என்றார்கள். அதனால்தான் இது.

அவர்கள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் கையால் வைத்த புள்ளிகளை இப்போது கம்ப்யூட்டரே வைத்துவிடுகிறது. அது வைத்தது சரியா என்று பார்ப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. எதை வைத்துச் சரி என்று சொல்வது என்று தெரியாமல் திணறுகிறார்கள். எனக்கும் அது ஒரு வரியில் சொல்லக்கூடியதாக இல்லை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கே அது விளங்க இரண்டு வருடம் ஆனது. தொழிற்சாலைகளில் ஆட்களுக்குப் பக்கத்திலேயே நின்று தூக்கி வைக்கும் ரோபோ கைகள் வந்துவிட்டன. பக்கத்தில் நிற்கும் மனிதர் அடுத்த அரை நொடியில் எங்கே இருப்பார், எந்தப் பக்கம் சாய்வார் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்தக் கை இடிக்காமல் ஒதுங்க முடியும். அதற்காக, மனிதர்கள் வேலை செய்யும் வீடியோக்களை ஆயிரக்கணக்கில் அதற்குக் காட்டுகிறார்கள். வெறுமனே காட்டினால் அதற்குப் புரியாது. ஒவ்வொரு படத்திலும் தோள் இங்கே, முழங்கை இங்கே என்று புள்ளி வைத்து, இந்த அசைவு எங்கே தொடங்கியது, இதற்குப் பெயர் என்ன என்றும் எழுதித் தர வேண்டும். அந்தப் புள்ளி வைக்கும் வேலையை எட்டு வருடம் செய்தேன். கண் வறண்டு எரியத் தொடங்கியதால் போன வருடம் நின்றுவிட்டேன்.

அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் விளாங்குடியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங். எடிட்டிங் என்றால் பெரும்பாலும் வெட்டுவதுதான். மாப்பிள்ளை கொட்டாவி விட்டால் வெட்டுவேன். பெண்ணின் சித்தப்பா மேடைப் படியில் தடுக்கினால் வெட்டுவேன். யாராவது சேலையைச் சரிசெய்தால், மூக்கைத் துடைத்தால், காலில் பட்டதைக் குனிந்து தொட்டால் வெட்டுவேன். அந்தத் துண்டுகள் எங்கே என்று ஒரு கல்யாண வீட்டாரும் கேட்டதில்லை. வெட்டியது தெரியாமல் வெட்டுவதில் எனக்குப் பெயர் இருந்தது. பின்னால் என்னை மாட்டிவிட்டதும் அந்தத் திறமைதான்.

ஸ்டுடியோவை மூடிய பிறகு, தெரிந்தவர் சொல்லி இந்த அலுவலகத்துக்கு வந்தேன். பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல் மாடி. பன்னிரண்டு கம்ப்யூட்டர். பொறுப்பில் இருந்தவர் நிலோஃபர். தெற்குவாசல் பக்கத்துப் பெண், இன்ஜினியரிங் படித்தவர், என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். கடைசிவரை இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆனது. உடம்புக்குப் பதினேழு புள்ளி: மூக்கு, இரண்டு கண், இரண்டு காது, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால். ஒரு நொடி வீடியோவில் முப்பது ஃபிரேம், அதாவது முப்பது படம். ஐந்து ஃபிரேமுக்கு ஒரு முறை நாம் வைக்க, இடையில் உள்ளதைக் கம்ப்யூட்டர் நிரப்பும். அது நிரப்பியதை நாம் திருத்த வேண்டும். சட்டை போட்ட ஆணுக்கு வைப்பது எளிது. புடவையும் அதற்கு மேல் நீலக் கோட்டும் போட்ட பெண்ணுக்கு இடுப்பு எங்கே, முழங்கால் எங்கே? மடிப்பு எந்த இடத்தில் உடைகிறதோ அங்கே முழங்கால். கோட்டின் கீழ் விளிம்பு எந்தப் பக்கம் தூக்குகிறதோ அந்தப் பக்கத்து இடுப்பில் பாரம் இல்லை. இதையெல்லாம் எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை. பார்த்துப் பார்த்து வந்தது.

புள்ளியைவிடக் கடினம், அசைவு எங்கே தொடங்குகிறது என்று சொல்வது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கையைப் பார்ப்பார்கள். கை நகர்ந்த ஃபிரேமைத் தொடக்கம் என்று குறிப்பார்கள். அது தாமதம். கை கிளம்புவதற்கு நாலைந்து ஃபிரேம் முன்பே தோள் கிளம்பிவிடும். தோளுக்கு முன்பு பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும். அதற்கும் முன்பு கண் போய்விடும். ஒரு பொருளை எடுக்கப் போகிறவர் முதலில் அதைப் பார்க்கிறார், பிறகுதான் மற்றதெல்லாம். நான் கண்ணைப் பார்த்தே தொடக்கம் குறிப்பேன். பக்கத்து இருக்கையில் இருந்த பாண்டி இதைச் சொல்லிச் சிரிப்பான். "அண்ணி கைய ஓங்குனா அது சோறு போடவா, சாத்தவான்னு அண்ணனுக்கு அரை செகண்டு முன்னாடியே தெரிஞ்சிரும். அதான் இன்னும் உசுரோட இருக்காரு."

நிலோஃபர் சிரிக்க மாட்டார் என்றில்லை. வேலையில் சிரிக்க மாட்டார். அவர் வேலை வாங்கும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவரின் வேலையைச் சரிபார்க்க வரும்போது நாற்காலி போட்டு உட்கார மாட்டார். பின்னால் நிற்பார். மௌஸைத் தொட மாட்டார். "திரும்ப ஓட்டுங்க" என்பார். ஓட்டுவோம். "இன்னொருக்க" என்பார். மூன்றாவது முறை ஓட்டி முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பார்: "கோர்ட்ல கேட்டாலும் இதையே சொல்வீங்களா?" ஆமாம் என்றால் போய்விடுவார். இழுத்தால், "அப்ப சந்தேகம்னு போடுங்க, தப்பில்ல" என்பார். யாரையும் அடுத்தவர் முன்னால் திட்டியதில்லை. தவறு இருந்தால் மஞ்சள் நிறச் சின்னக் காகிதத்தில் அந்த ஃபிரேமின் எண்ணை மட்டும் எழுதி, நாங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவிடுவார். திரும்பி வந்ததும் நாங்களே திறந்து பார்த்து, திருத்தி, காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டும். அதற்கு மேல் பேச்சே இருக்காது.

இப்போது ஒன்பதுக்கு வருகிறேன்.

வேலை கொடுத்த பெங்களூர் நிறுவனம் அசைவுகளுக்கு எண் கொடுத்திருந்தது. எடுப்பது ஒன்று, வைப்பது இரண்டு, திரும்புவது மூன்று, குனிந்து எடுப்பது நாலு, இப்படி எட்டு வரை. எட்டிலும் அடங்காதவற்றுக்கு ஒன்பது: வேலை சாராதது. ஒன்பது போட்ட துண்டுகளை அவர்கள் ரோபோவுக்குக் காட்டுவதில்லை. தும்மல், கொட்டாவி, சொறிவது எல்லாம் ஒன்பது.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம், கப்பலூர் பக்கத்து ரப்பர் தொழிற்சாலை ஒன்றின் வீடியோக்கள் வரத் தொடங்கின. அதில் ஒரு நாள் நிலோஃபர் என் பின்னால் வந்து நின்று, வேறொருவர் குறித்த ஒரு துண்டைத் திறக்கச் சொன்னார். ஒரு தொழிலாளியின் கால் கீழே கிடந்த, கணக்கு எழுதும் அட்டையில் பட்டுவிடுகிறது. சட்டென்று குனிந்து விரலால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்கிறார். ஒரு நொடிகூட ஆகவில்லை. நாமெல்லோரும் செய்வதுதான். அடுத்தவர் மேல் கால் பட்டால், புத்தகத்தில் பட்டால், தொழில் செய்யும் கருவியில் பட்டால் செய்வோம். செய்தோம் என்பதே நமக்கு ஞாபகம் இருக்காது.

"இத என்னன்னு போடறதுண்ணே? எங்க வீட்ல ரொட்டித் துண்டு கால்ல பட்டா எடுத்து முத்தி கண்ணுல ஒத்திக்குவாங்க. அது மாதிரிதான். ஆனா இவரு எடுக்கல. நாலு இல்ல" என்றார்.

நான் யோசிக்கவேயில்லை. "இது வேலை இல்லையே மேடம். ஒன்பதுல போட்டுருங்க" என்றேன்.

அவர் மூன்று முறை ஓட்டச் சொல்லவில்லை. கோர்ட் கேள்வி கேட்கவில்லை. உடம்பு அசைவில் என் பேச்சுக்கு அப்போது அவ்வளவு மதிப்பு இருந்தது. "எல்லாரும் கேட்டுக்கங்க, இதுக்கு ஒன்பது" என்று மற்றவர்களிடமும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த அசைவு எந்த வீடியோவில் வந்தாலும் ஒன்பது. கல்யாண வீடியோவில் வெட்டியதைப் போலவே வெட்டினேன். வெட்டியது தெரியவில்லை.

ஆறாவது வருடம் அந்தத் தொழிற்சாலையில் விபத்து நடந்தது.

அங்கே வேலை இப்படி. அச்சிலிருந்து வரும் ரப்பர் வளையங்களை ரோபோ கை ஓர் இரும்புத் தட்டில் தூக்கிவந்து, நின்று வேலை செய்கிறவரின் வலது பக்கம் முழங்கால் உயரத்தில் உள்ள தாங்கியில் வைக்கும். அவர் ஒவ்வொரு வளையமாக எடுத்துப் பிசிறு நறுக்கிப் பார்த்துக் கூடையில் போடுவார். மேசைமேல் ஒரு நோட்டு இருக்கும். பழுதானவற்றை அதில் குறிப்பார். முன்பெல்லாம் ஆள் பக்கத்தில் இருந்தால் அந்தக் கை மெதுவாக ஊர்ந்து வரும். அசைவை முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு வந்த பிறகு, ஆள் இடத்தைவிட்டு நகர மாட்டார் என்று அதற்குத் தெரிந்தால் வேகம் குறைக்காமல் வரும். அங்குள்ள பெண்கள் அந்தக் கைக்கு மாப்ள என்று பெயர் வைத்திருந்தார்கள். வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்ததால் அந்தப் பெயர்.

அடிபட்டவர் செல்வராணி. பசுமலையில் குடியிருந்தவர், முப்பத்தெட்டு வயது, ஒப்பந்தத் தொழிலாளி. இவர் குனிந்த நேரத்தில் தட்டின் விளிம்பு வலது தோளில் இடித்தது. காறை எலும்பு உடைந்தது. புருவத்துக்கு மேல் ஐந்து தையல். எதன்மேலாவது பட்டால் நின்றுவிடும் வசதி அந்தக் கைக்கு இருந்ததால் அதோடு போனது.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. எது கீழே விழுந்தாலும் குனிந்து எடுக்கக் கூடாது. மேசையில் உள்ள மஞ்சள் பட்டனை அழுத்தி, கை நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். செல்வராணி பட்டனை அழுத்தவில்லை. நோட்டு கீழே கிடந்தது. ஆகவே அவர் விதியை மீறி நோட்டை எடுக்கக் குனிந்தார் என்று ஆனது. விபத்து அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் அவரைத் திரும்ப எடுக்க மாட்டார். அந்தச் சாலையில் மற்ற எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் அதே ஒப்பந்தக்காரர்தான் ஆள் அனுப்புகிறார். செல்வராணியின் வாழ்வு அந்த இரண்டு சொல்லில் நின்றது.

வீடியோ எங்களுக்கு வந்தது. புள்ளி வைத்து, அசைவுக்கு எண் போட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நிலோஃபர் என்னிடம் கொடுத்தார்.

காலையில் தொடங்கினேன். மொத்தம் பதினெட்டு நொடி. ஒவ்வொரு ஃபிரேமையும் கையால் குறித்தேன். கம்ப்யூட்டர் நிரப்ப விடவில்லை. முதல் நொடியில் செல்வராணியின் கோட்டுக் கை பட்டு நோட்டு விழுகிறது. அவர் பார்க்கவில்லை. வேலை நடக்கிறது. பன்னிரண்டு நொடி நோட்டு அப்படியே கிடக்கிறது. எடுக்க நினைத்திருந்தால் அந்தப் பன்னிரண்டு நொடியில் எடுத்திருக்கலாம். பிறகு வலது காலை மாற்றி வைக்கிறார். கால் நோட்டின்மேல் படுகிறது. பட்ட இரண்டாவது ஃபிரேமில் வலது தோள் இறங்கத் தொடங்குகிறது. முழங்கால் மடியவில்லை. பாரம் மாறவில்லை. முக்கியமாக, கண் போகவில்லை. அவர் பார்வை கடைசிவரை இடது கையில் இருந்த வளையத்தில்தான் இருந்தது. நோட்டை அவர் பார்க்கவேயில்லை. கீழே போன வலது கையின் விரல்கள் நீட்டிச் சேர்ந்திருந்தன. கட்டைவிரல் விலகவில்லை. ஒரு பொருளை எடுக்கப் போகும் கை இப்படிப் போகாது. பாதி வழியிலேயே விரல்கள் விரிந்துவிடும். விரல் நுனி நோட்டைத் தொட்டு முகத்தை நோக்கித் திரும்பிய மூன்றாவது ஃபிரேமில் தட்டு அவர் தோளில் இடித்தது.

குனிந்து எடுக்கும் ஆட்களை அந்த ரோபோ கை ஆயிரம் முறை பார்த்திருக்கிறது. அவர்கள் முதலில் பார்ப்பார்கள், பாரம் மாற்றுவார்கள், முழங்காலை மடிப்பார்கள். அதற்குள் அது வேகத்தைக் குறைத்துவிடும். இந்தக் குனிதலில் அந்த அறிகுறி எதுவும் இல்லை. கால் உணர்ந்தது, தோள் போய்விட்டது. இப்படி ஒன்றை அது பார்த்ததே இல்லை. அது பார்க்க முடியாமல் வெட்டியவன் நான்.

எண் போடும் கட்டத்தில் நாலும் போடவில்லை, ஒன்பதும் போடவில்லை. "எடுக்கவில்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனார்" என்று எழுதினேன்.

நிலோஃபர் பின்னால் வந்து நின்றார். மூன்று முறை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். கோர்ட் கேள்வியைக் கேட்டார். சொல்வேன் என்றேன். அவர் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இத நாம முன்னாடி பாத்திருக்கோம்லண்ணே?" என்றார்.

"ஞாபகம் இல்ல மேடம்" என்றேன்.

எட்டு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஞாபகம் இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்று சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

ஒரு வாரம் கழித்துத் தொழிற்சாலையில் கூட்டம். குறித்தவரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நிலோஃபர் ஸ்கூட்டரில் போக, நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். ஒரு நீள மேசை. தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி தனபால், நிர்வாகத்தில் ஒருவர், சுவரில் மாட்டிய திரையில் பெங்களூர் இன்ஜினியர். அவர் சேலத்துக்காரர் என்பதால் தமிழில்தான் பேசினார். செல்வராணி கதவுக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஒரு ஸ்டூலில் இருந்தார். வலது கையைத் தூளி கட்டி மார்போடு சேர்த்திருந்தார்கள். புருவத்தில் பிளாஸ்திரி. எனக்கு அவரை நேரில் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. அவர் தோள் எப்படி இறங்கும், எந்தக் காலில் பாரம் வைத்து நிற்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். குரல் தெரியாது.

தனபால் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். அடிபட்ட அன்று ஆஸ்பத்திரிக்குத் தன் வண்டியில் கொண்டுபோனவர் அவர்தான். ஆனால் அவர் முன்னால் ஒரு படிவம் இருந்தது, அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது, அதை அன்று நிரப்பியாக வேண்டியிருந்தது. எங்கள் குறிப்பைப் படித்தார். "தொடப் போனாங்கன்றது உங்க யூகம் சார். வீடியோல குனியறது தெரியுது, நோட்டு தெரியுது, பட்டன அழுத்தல. என்கிட்ட இருக்கிறது அம்புட்டுதான்" என்றார். பிறகு செல்வராணியைப் பார்த்து, "நீயே சொல்லும்மா. எதுக்குக் குனிஞ்ச?" என்று கேட்டார்.

செல்வராணி எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். "நோட்டு விழுந்து கெடந்துச்சுன்னு சொன்னாங்க சார். எடுக்கத்தான் குனிஞ்சிருப்பேன். வேற எதுக்குக் குனியப் போறேன்?"

அவருக்கே தெரியவில்லை. ஒரு வாரமாக எல்லோரும் சொன்னதைத் தானே செய்ததாக நம்பிவிட்டார். "தப்புதான் சார். மாப்ள வர்ற நேரம்னு பாத்திருக்கணும்" என்று வேறு சொன்னார்.

பேச நினைத்தேன். அதுவரை ஒரு கூட்டத்தில்கூட நான் வாய் திறந்ததில்லை. நிலோஃபர் என்னைப் பார்த்தார், நான் மேசையைப் பார்த்தேன். தனபால் கட்டத்தில் எழுதி முடித்து, படிவத்தை மேசை ஓரத்துக்கு நகர்த்தி, கையெழுத்துப் போடச் சொன்னார்.

செல்வராணி கதவிலிருந்து மேசைக்கு வந்தார். லேப்டாப் இருந்த என் பையை நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருந்தேன். அவர் கால் பையில் பட்டது.

நான் அப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுப் போட்டிருந்த வலது தோள்தான் முதலில் கிளம்பியது. கிளம்பி, வலியில் பாதியில் நின்றது. பல்லிடுக்கில் ஒரு சத்தம் வந்தது. உடனே இடது கை அந்த வேலையை வாங்கிக்கொண்டது. இடுப்பிலிருந்து குனிந்து, என் பையை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார். கண் பைக்குப் போகவேயில்லை, மேசையில் இருந்த படிவத்திலேயே இருந்தது. நிமிர்ந்ததும் வலியில் முகம் வெளுத்திருந்தது. ஏன் வலிக்கிறது என்று புரியாதவர் போலத் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேனாவுக்கு இடது கையை நீட்டினார்.

"கையெழுத்துப் போடாதீங்கம்மா" என்றேன்.

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப அவங்க கீழேருந்து எத எடுத்தாங்க சார்?" என்று தனபாலைக் கேட்டேன்.

"எதையும் எடுக்கலையே."

"அதான் சார்" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

தனபால் பையைப் பார்த்தார், செல்வராணியைப் பார்த்தார், பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரையில் இருந்தவருக்கு மேசைக்குக் கீழே நடந்தது தெரியவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். நிலோஃபர் இரண்டு வரியில் விளக்கினார். இன்ஜினியரும் நம் பக்கத்து ஆள்தானே, அவருக்கும் தெரியும். பிறகு கேட்டார்: "அப்ப இது அடிக்கடி நடக்கிறதுதானே? எங்களுக்கு வந்த டேட்டால ஒரு தடவைகூட இல்லையே. எப்படி?"

நிலோஃபர் என்னைப் பார்க்கவில்லை. தன் கையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தை எனக்காக விட்டிருந்தார் என்று இப்போது புரிகிறது.

"இருந்துச்சு சார்" என்றேன். "வேலை இல்லன்னு நான்தான் வெட்டச் சொன்னேன். நாலு வருசமா எல்லாத்தையும் ஒன்பதுன்னு போட்டுட்டோம். மேடம் அன்னிக்கே கேட்டாங்க. நான்தான் சொன்னேன். போன வாரமும் கேட்டாங்க, ஞாபகம் இல்லன்னு சொன்னேன். ஞாபகம் இருந்துச்சு."

செல்வராணி எங்களை மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவருக்கு விளங்கியிருக்காது. யாரோ தடுத்ததால் கையெழுத்துப் போடாமல் நின்றார், அவ்வளவுதான்.

நிலோஃபர் அப்போதுதான் பேசினார். "அலுவலகம் எடுத்த முடிவு சார் அது. அறிக்கைல பேர் போடணும்னா என் பேரப் போடுங்க."

பிறகு நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு தனபால் வேறு காரணம் எழுதினார். செல்வராணி நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். வேறு பகுதியில், கை இல்லாத பகுதியில் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். எங்களுக்கு வரவேண்டிய அடுத்த வேலையைப் பெங்களூர் நிறுவனம் வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டது. பாண்டியும் இன்னொருவரும் வேலையை விட வேண்டியதாயிற்று. பாண்டி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அந்த அசைவுக்குப் பத்து என்று எண் வந்தது. இப்போது வேலை பார்க்கும் ஐந்து பேரும் பத்து என்ற எண்ணை முதல் நாளிலிருந்தே பார்க்கிறார்கள். அது எப்படி வந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதற்கு என்னால் முடிந்த பதில் இதுதான். ஒன்பது போடும்போது மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். நமக்கு மிகவும் பழகியதுதான் நம் கண்ணில் படுவதில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்து, பஸ் நிறுத்தம்வரை நிலோஃபர் வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தார். நான் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றேன். "வெட்டுனத யாருண்ணே தேடி எடுக்கிறது? உங்களுக்குத்தான் இடம் தெரியும்" என்றார். பஸ் வந்தது. "நாளைக்கு வாரேன் மேடம்" என்று சொல்லி ஏறினேன்.

மறுநாள் வியாழக்கிழமை. ஒன்பதரைக்குப் போனேன். மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு கோப்பின் எண் மட்டும் இருந்தது. அதைத் திறந்து, ஒன்பதை அழித்தேன். மாலைக்குள் அப்படி நாற்பத்தொரு துண்டு முடிந்தது.